இடைநாளில் தோன்றும் உதிரம்: மார்க்கமும் மருத்துவமும்

மதீனா நகரத்து அன்சாரிப் பெண்மணிகளை அன்னை ஆயிஷா சித்தீக்கா (ரலி) அவர்கள் பெரிதும் பாராட்டியுள்ளார்கள். மார்க்க விளக்கத்தைத் தேடிப் பெறுவதற்கு அப்பெண்மணிகளின் நாணம் ஒருபோதும் தடையாக நின்றதில்லை என்பதே அப்பாராட்டிற்குக் காரணம். நாணம் ஈமானின் ஒரு கிளை, ஐயமில்லை. ஆயினும், அறிய வேண்டியதை அறியவிடாமல் வாயை அடைத்துவிடும் கூச்சம் நன்மை பயப்பதன்று. ஆகவே, நம் இல்லத்துப் பெண்கள் மனத்துள் வைத்துப் புழுங்கும் செய்தி ஒன்றை இன்று எடுத்துக்கொள்வோம்.

மாதவிலக்கு முடிந்து, கடமையான குளிப்பை நிறைவேற்றி, தொழுகையைத் தொடங்கி ஏழெட்டு நாட்கள் ஆகியிருக்கும். திடீரென ஒரு நாள் ஆடையில் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ சிறு கறை ஒன்று தென்படும். உடனே உள்ளத்தில் கேள்விகள் எழும். மீண்டும் ஹைளு வந்துவிட்டதா? தொழுகையை நிறுத்த வேண்டுமா? ரமழான் மாதமாயின் பிடித்த நோன்பு என்னவாகும்? உடலில் ஏதேனும் நோய் புகுந்துவிட்டதா?

இந்நிலையில் சிலர், “சூட்டினால் வந்தது” என்று வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்துவிட்டு அதனை மறந்துவிடுகின்றனர். வேறு சிலர், தீராத நோய் பற்றிக்கொண்டதாக எண்ணி, எவரிடமும் கூறாமல் நாட்கணக்கில் அஞ்சி நடுங்குகின்றனர். இவ்விரண்டும் சரியான வழியல்ல. இடைநாளில் காணும் சிறு உதிரம் இயற்கையானதாக இருக்கலாம். கவனிக்க வேண்டிய நோயின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். எது என்பதைப் பிரித்தறியத் துணை செய்பவை மூன்று: எந்த நாளில் வந்தது, எவ்வளவு வந்தது, அதனுடன் வேறு என்ன வந்தது.

அண்ணலார் காட்டிய வேறுபாடு

பெண்ணின் உடலிலிருந்து வெளிப்படும் உதிரம் யாவும் ஒன்றல்ல என்ற பாடத்தை இந்தச் சமுதாயம் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னரே பெற்றுவிட்டது. ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) என்ற பெண்மணி பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்தார்கள். தமக்கு உதிரம் நிற்காமல் வந்துகொண்டிருப்பதாகவும், தாம் தொழுகையை விட்டுவிட வேண்டுமா என்றும் வினவினார்கள். அவ்வாறு விட வேண்டியதில்லை என்று அண்ணலார் விடை பகர்ந்தார்கள். அது நரம்பு ஒன்றிலிருந்து வரும் உதிரமேயன்றி ஹைளு அன்று என்றும், ஹைளுடைய நாட்களில் தொழுகையை விட்டு, அதன் அளவு கழிந்ததும் உதிரத்தைக் கழுவிக்கொண்டு தொழ வேண்டும் என்றும் விளக்கினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இந்நிகழ்ச்சி இடம்பெற்றுள்ளது.

உம்மு ஹபீபா பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களோ 7 ஆண்டுகள் இத்தகைய உதிரத்தால் துன்புற்றவர்கள். அவர்களும் தம் நிலையை மறைக்கவில்லை. கேட்டார்கள், வழி பெற்றார்கள்.

மாதவிலக்கு அல்லாத இந்த உதிரத்தை ‘இஸ்திஹாளா’ என்று மார்க்கச் சட்ட நூல்கள் வழங்குகின்றன. இது பெண்ணின் குற்றத்தால் வருவதன்று. வணக்கத்திலிருந்து அவளை விலக்கி வைப்பதும் அன்று. ஹைளு வேறு, இது வேறு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கமே மருத்துவத்திற்கும் முதற்படியாகும்.

கருமுட்டை வெளிப்படும் நாள்

ஒரு மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து அடுத்த மாதவிலக்கின் முதல் நாள் வரை எண்ணுவதை ஒரு சுற்று என்பர். 28 நாட்கள் என்று பொதுவாகக் கூறப்படினும், வயது வந்த பெண்களுக்கு 24 முதல் 38 நாட்கள் வரை அமைவது இயல்பே. ஒவ்வொரு சுற்றிலும் சினைப்பையிலிருந்து பொதுவாக ஒரு கருமுட்டை வெளிப்படுகிறது.

அது எந்த நாளில் நிகழ்கிறது என்பதை மருத்துவ உலகம் தெளிவாக அறிந்து நூறு ஆண்டுகளே ஆகின்றன. 1920-களில் ஜப்பானைச் சேர்ந்த ஓகினோ என்ற மருத்துவரும், ஆஸ்திரியாவைச் சேர்ந்த நாஸ் என்ற மருத்துவரும் தனித்தனியே ஆராய்ந்து, அடுத்த மாதவிலக்கிற்கு ஏறத்தாழ 14 நாட்கள் முன்னர் கருமுட்டை வெளிப்படுகிறது என்று கண்டனர். இங்கே ‘அடுத்த’ என்ற சொல்லைக் கவனித்தல் வேண்டும். 28 நாள் சுற்றுடையவருக்கு 14-ஆம் நாளை ஒட்டியும், 32 நாள் சுற்றுடையவருக்கு 18-ஆம் நாளை ஒட்டியும், 24 நாள் சுற்றுடையவருக்கு 10-ஆம் நாளை ஒட்டியும் அது நிகழும். ஓரிரு நாட்கள் முன்பின்னாவதும் உண்டு.

அந்நாளில் உதிரம் ஏன் கசிகிறது? கருமுட்டை முதிரும்போது ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் உடலில் படிப்படியாக உயர்கிறது. கருப்பையின் உட்சவ்வைத் தடிக்கச் செய்வது அதுவே. கருமுட்டை வெளிப்படும் தறுவாயில் அந்த ஹார்மோன் சட்டெனக் குறைகிறது. பின்னர் புரோஜெஸ்டிரோன் என்னும் மற்றொரு ஹார்மோன் சுரந்து அந்தச் சவ்வை நிலைநிறுத்துகிறது. ஒன்று குறைந்து மற்றொன்று பெருகும் இடைவெளியில், ஆதரவு தளர்ந்த உட்சவ்விலிருந்து சிறிது உதிரம் கசியக்கூடும். எல்லாப் பெண்களுக்கும் இது வருவதில்லை. ஒரு சிறு பகுதியினருக்கே வருகிறது. வராதிருப்பதும் குறையன்று, வருவதும் நோயன்று.

இயல்பான கசிவின் அடையாளங்கள்

இத்தகைய கசிவு சில துளிகளாகவே இருக்கும். துணி நனையுமளவு வராது. நிறம் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும். சில மணி நேரமோ, ஓரிரு நாட்களோ நீடித்துத் தானே நின்றுவிடும். அதே வேளையில் வெள்ளைப்படுதல், பச்சை முட்டையின் வெண்கருவைப் போல் வழுவழுப்பாகவும் இழுபடுவதாகவும் இருக்கும். அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் மெல்லிய வலி தோன்றி மறைவதும் உண்டு. ஒரு மாதம் வலப்பக்கமும் மறு மாதம் இடப்பக்கமும் இவ்வலி வரலாம்.

எல்லாவற்றிலும் சிறந்த அடையாளம், ஏறத்தாழ 2 வாரங்கள் கழித்து வழக்கமான மாதவிலக்கு வந்து சேர்வதாகும். இவ்வாறு நாளும் அளவும் பொருந்தி, வேறு தொல்லை எதுவும் இல்லாதிருப்பின், மருந்து எதுவும் தேவையில்லை.

வேறு காரணங்களும் உள

ஆயினும், இடையில் வரும் உதிரம் அனைத்தையும் கருமுட்டையின் கணக்கில் எழுதிவிடலாகாது. மணமான பெண் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது கர்ப்பத்தையே. மாதவிலக்கு தள்ளிப்போய்ச் சிறிது உதிரம் கண்டால், அது கர்ப்பத்தின் தொடக்கமாக இருக்கலாம். கரு கலைவதன் அறிகுறியாகவும் இருக்கலாம். கரு, கருப்பையில் தங்காமல் சினைக்குழாயிலேயே தங்கிவிடும் ஆபத்தான நிலையும் உண்டு. குழாய் வெடித்தால் வயிற்றுக்குள்ளேயே உதிரம் பெருகி உயிருக்கே கேடு விளையும். வெளியே காணும் உதிரம் சிறிதாக இருப்பதைக் கொண்டு ஏமாந்துவிடக் கூடாது. மருந்துக் கடையில் கிடைக்கும் சிறுநீர்ப் பரிசோதனை அட்டை கர்ப்பம் உண்டா என்பதை விரைவில் காட்டிவிடும்.

கருத்தடை மாத்திரையை ஓரிரு நாள் மறந்துவிட்டாலும் இடையில் உதிரம் வரும். காப்பர்-டி பொருத்திக்கொண்ட முதல் சில மாதங்களிலும், 3 மாதங்களுக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியைப் பெற்றுக்கொண்டவர்களுக்கும் ஒழுங்கற்ற கசிவு ஏற்படுவதுண்டு. ஹஜ், உம்ரா பயணத்திற்காகவும் ரமழான் நோன்பிற்காகவும் மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரைகளை உட்கொள்வோர் சிலர் உளர். அவர்களுக்கும் இடையில் சொட்டுச் சொட்டாக உதிரம் காணலாம். இம்மாத்திரைகளைக் கடையில் தாமாகவே வாங்கி உண்ணாமல், பயணத்திற்கு முன்னரே மருத்துவரைக் கலந்து பெறுதல் நலம். இரத்தம் உறையும் நோய், ஈரல் நோய் போன்றவை உடையவர்களுக்கு இவை ஆகா.

கருப்பை வாயில் புண் அல்லது தொற்று, சதை வளர்ச்சி, கருப்பைக் கட்டி, தைராய்டுக் கோளாறு, சினைப்பையில் நீர்க்கட்டிகள் என வேறு காரணங்களும் உண்டு. கருப்பை வாய்ப் புற்றுநோயும் தொடக்கத்தில் வலியின்றி, இடைநாளில் வரும் உதிரமாகவோ, இல்லற உறவிற்குப் பின் காணும் உதிரமாகவோதான் தன்னைக் காட்டக்கூடும். இந்தியப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் இது முன்னணியில் நிற்கிறது. ஆனால், தொடக்கத்திலேயே கண்டறிந்தால் குணப்படுத்தத்தக்கது. புற்றாக மாறுவதற்கு முன்பே கண்டு தடுக்கவும் இயலும். அதற்கான எளிய பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் 30 வயது கடந்த பெண்களுக்குச் செய்யப்படுகிறது. சில நிமிடங்களில் முடிந்துவிடும் இப்பரிசோதனைக்கு, உதிரம் எதுவும் காணாத பெண்களும் சென்று வருதல் வேண்டும்.

மருத்துவரிடம் செல்ல வேண்டிய வேளை

கீழ்க்காண்பவற்றுள் ஏதேனும் ஒன்று இருப்பின் சில நாட்களுக்குள் பெண் நோய் மருத்துவரைக் காணுதல் வேண்டும்.

இடைநாளில் வரும் உதிரம் 3 நாட்களுக்கு மேல் நீடித்தல். ஒரே மாதத்தில் பலமுறை வருதல். முன்பு இல்லாதிருந்து இப்போது புதிதாகத் தொடங்கி மாதந்தோறும் வருதல். இல்லற உறவிற்குப் பின் காணுதல். துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், அரிப்பு, சிறுநீர் எரிச்சல் ஆகியவை சேர்ந்திருத்தல். மாதவிலக்கு நாட்களில் போக்கு மிகுந்து சோர்வும் மூச்சிரைப்பும் உண்டாதல்.

மாதவிலக்கு முற்றும் நின்று 12 மாதங்கள் கடந்த பின் ஒரு துளி உதிரம் கண்டாலும் தாமதித்தலாகாது. “போன மாதவிலக்கு திரும்பி வந்தது” என்று வீட்டு மூத்தம்மாமார் கூறிக்கொள்வதுண்டு. அது திரும்பி வருவதில்லை. பல வேளைகளில் காரணம் எளியதாகவே இருக்கும். ஆயினும் புற்றுநோய் இல்லை என்பதைப் பரிசோதித்து உறுதி செய்தல் கட்டாயமாகும்.

இனி, ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாத நிலைகள் சில. கர்ப்பமாக இருக்கையிலோ, மாதவிலக்கு தள்ளிப்போன நிலையிலோ உதிரத்துடன் அடிவயிற்றில் கடும் வலி வருதல். தோள் முனையில் வலித்தல். தலை சுற்றி மயக்கம் வருதல். மணிக்கு ஒரு அணையாடை முழுதும் நனையுமாறு 2 மணி நேரத்திற்கு மேல் உதிரம் பெருகுதல். கடும் காய்ச்சலுடன் அடிவயிறு வலித்தல். இவற்றில் ஒன்று நேரினும் இரவென்றும் பகலென்றும் பாராமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். தமிழகத்தில் 108 என்ற எண்ணை அழைத்தால் ஆம்புலன்ஸ் கட்டணமின்றி வரும்.

பூப்பெய்திய முதல் ஓரிரு ஆண்டுகளில் சிறுமியரின் மாதவிலக்கு ஒழுங்கின்றி வருவது இயல்பு. ஆயினும் 7 நாட்களுக்கு மேல் நீடித்தாலோ, பிள்ளை வெளிறிச் சோர்ந்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். மணமாகாத பெண்ணை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல உம்மாமார் தயங்குவதுண்டு. அவர்களுக்கு உட்பரிசோதனை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. நாட்களைக் கேட்டறிதல், இரத்தப் பரிசோதனை, வயிற்றின் மேற்புறம் வைத்துச் செய்யும் ஸ்கேன் ஆகியவற்றாலேயே பெரும்பாலும் காரணம் தெரிந்துவிடும். பெண் மருத்துவரை நாடுவது நம் விருப்பம்; அது பெறத்தக்க உரிமையும் ஆகும். பெண் மருத்துவர் கிடைக்காத அவசரத்தில், துணைக்கு ஒரு பெண் உடனிருக்க ஆண் மருத்துவரிடம் காட்டிக்கொள்வதற்கு மார்க்கம் இடமளித்துள்ளது. அதனைக் காரணம் காட்டி உயிரைப் பணயம் வைத்தலாகாது.

தொழுகையும் நோன்பும்

இனி மார்க்கக் கடமைக்கு வருவோம். ஹனஃபி மத்ஹபில் ஹைளின் குறைந்த அளவு 3 நாட்கள். கூடிய அளவு 10 நாட்கள். ஷாஃபி மத்ஹபில் குறைந்த அளவு ஒரு பகலும் ஓர் இரவும். கூடிய அளவு 15 நாட்கள். இரண்டு ஹைளுகளுக்கு இடையே குறைந்தது 15 நாட்கள் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது இரு மத்ஹபுகளிலும் பொதுவானது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு சகோதரிக்கு வழக்கமாக 5 நாட்கள் ஹைளு வரும். அவர் 6-ஆம் நாள் குளித்துவிட்டார். 17-ஆம் நாளில் சிறிது உதிரம் கண்டார். இடையே 15 நாள் சுத்தம் நிறையவில்லை. ஆகவே இரு மத்ஹபுகளின்படியும் அது இஸ்திஹாளாவே. அவர் தொழவும் நோன்பு நோற்கவும் வேண்டும். ஆனால், அதே உதிரம் 13-ஆம் நாளில் வந்திருப்பின், ஹனஃபி மத்ஹபில் அது இஸ்திஹாளா. ஷாஃபி மத்ஹபிலோ, தொடங்கிய நாளிலிருந்து 15 நாட்களுக்குள் வந்தமையால் சட்டம் மாறக்கூடும். நீண்ட சுற்றுடையவர்களுக்கு 15 நாள் சுத்தம் நிறைந்த பின்னர் இவ்வுதிரம் வருமாயின் அதன் சட்டமும் வேறு. எனவே, கறையைக் கண்டதும் தாமாகவே தொழுகையை நிறுத்திவிடாமலும், தாமாகவே முடிவு செய்துகொள்ளாமலும், நாட்களின் கணக்கைத் தம் மத்ஹபை அறிந்த ஆலிமிடமோ ஆலிமாவிடமோ கூறிக் கேட்டறிதல் வேண்டும். நேரில் கேட்கக் கூச்சமாயின் கணவர் மூலமோ உம்மா மூலமோ கேட்கலாம்.

இஸ்திஹாளா என்று தெளிவானபின், உதிரம் இடையறாது கசிவதாயின், கழுவித் துணி வைத்துக்கொண்டு, தொழுகை நேரம் வந்த பின் உளூச் செய்து தொழ வேண்டும். விட்டுவிட்டுச் சில துளிகளே வருமாயின், கசிவில்லாத வேளையில் சுத்தம் செய்து, உளூவைப் புதுப்பித்துத் தொழுதுகொள்ளலாம். இதற்காகக் கடமையான குளிப்பை மீண்டும் மீண்டும் நிறைவேற்றி உடலை வருத்திக்கொள்ளத் தேவையில்லை.

ஒரு சிறு குறிப்பேடு

சகோதரிகளே! மேற்கூறியவை அனைத்திற்கும் அடிப்படை நாட்கணக்கே என்பதை இப்போது உணர்ந்திருப்பீர்கள். ஆலிமும் அதையே கேட்பார். மருத்துவரும் அதையே கேட்பார். “எப்போது தொடங்கியது?” என்ற கேள்விக்கு, “நினைவில்லை” என்று விடை கூறுவதால் இருவருடைய வழிகாட்டலும் குறைபட்டுப் போகின்றது.

சுவரில் தொங்கும் நாட்காட்டியிலோ, சிறு குறிப்பேட்டிலோ, கைப்பேசியிலோ சில செய்திகளைக் குறித்து வாருங்கள். ஹைளு தொடங்கிய நாளும் வேளையும், குளித்த நாள், இடையில் உதிரம் கண்ட நாள், அதன் நிறம், அளவு, உடன் வந்த வலி, காய்ச்சல், உட்கொண்ட மாத்திரை. 3 மாதங்கள் குறித்து வந்தால் உங்கள் உடலின் ஒழுங்கு உங்களுக்கே விளங்கிவிடும். மேலே கூறிய அபாய அறிகுறிகள் இருப்பின் மட்டும் 3 மாதம் காத்திராமல் உடனே செல்ல வேண்டும்.

கறை எங்கிருந்து வந்தது என்பதையும் கவனியுங்கள். மூல நோயாலோ, சிறுநீர்த் தொற்றாலோ வந்த உதிரத்தை மாதவிலக்கு என்று மயங்குவதும் உண்டு.

இல்லத்தாருக்கு ஒரு சொல்

இச்செய்தி பெண்களுக்கு மட்டும் உரியதன்று. 2019-21 ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 57 பேர் இரத்தச் சோகை உடையவர்கள். ஏற்கெனவே இரத்தம் குறைந்த உடல், மேலும் மேலும் இழப்பைத் தாங்காது. மனைவியோ மகளோ மருமகளோ சோர்ந்திருப்பதைக் கண்டும், “பெண்கள் சமாச்சாரம்” என்று ஒதுங்கிப் போவது குடும்பப் பொறுப்புடையவருக்கு அழகன்று. தம்மிடம் வந்து கேட்ட பெண்களுக்கு முகம் சுளிக்காமல் விளக்கம் அளித்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். அவர்களைப் பின்பற்றும் வாப்பாவும் கணவரும், கேட்பதற்குச் செவியும், அழைத்துச் செல்வதற்கு நேரமும் தருவது கடமையன்றோ?

வல்ல ரஹ்மான் நம் இல்லங்களில் உள்ள பெண்மணிகளுக்கு உடல்நலத்தையும், ஐயமின்றி வணங்கும் மனத்தெளிவையும் அருள்வானாக! ஆமீன்.